கூட்டுப் பூஞ்சைக்கொல்லி அடித்தும் நோய் நிற்கவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

மருந்துக் கடையில் போய் "இலையெல்லாம் புள்ளி" என்று சொன்னால் இப்போது கைக்கு வருவது பெரும்பாலும் கூட்டு மருந்துதான். கார்பென்டாசிம் 12 சதம், மான்கோசெப் 63 சதம் கலந்த தூள், மெட்டலாக்ஸில் 8, மான்கோசெப் 64 கலந்த தூள், அசாக்ஸிஸ்ட்ரோபின் 18.2, டைஃபெனகோனசோல் 11.4 கலந்த திரவம். டெபுகோனசோல் 50, டிரைஃப்ளாக்ஸிஸ்ட்ரோபின் 25 கலந்த குருணை. இரண்டு மருந்து இருப்பதால் எல்லா நோய்க்கும் இரட்டை அடி விழும் என்ற நம்பிக்கை வாங்குபவருக்கும் இருக்கிறது, விற்பவருக்கும் இருக்கிறது. பல சமயம் உங்கள் வயலில் உள்ள நோயின்மேல் அதில் ஒரு பாதிதான் வேலை செய்யும். சில சமயம் அந்தப் பாதியும் செய்யாது.

ஆகவே அடுத்த டப்பாவுக்குப் பணம் கட்டும் முன் பழைய பாக்கெட்டைத் தேடி எடுங்கள். அதில் உள்ள இரண்டு பெயர்களையும் சதவீதத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். தெளித்த தேதி, அன்று மழை உண்டா, ஏக்கருக்கு எத்தனை டேங்க் போனது, டேங்கில் வேறு என்னென்ன கலந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பிறகு உங்கள் அறிகுறிக்குப் போங்கள்.

தெளித்து ஒரு வாரமாகியும் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன

இருக்கத்தான் செய்யும். செத்த இலைத்திசு எந்த மருந்துக்கும் மீண்டும் பச்சையாகாது. பார்க்க வேண்டியது பழைய புள்ளியை இல்லை. தெளித்த பிறகு விரிந்த இலையை. தெளிக்கும் அன்றே பத்துப் பன்னிரண்டு செடிகளில் மேலே விரிந்திருக்கும் கடைசி இலையின் காம்பில் வண்ண நூல் கட்டிவிடுங்கள். ஏழு, எட்டு நாள் கழித்து நூலுக்கு மேலே உள்ள இலைகள் சுத்தமாக இருந்து, கீழே உள்ள பழைய புள்ளிகள் விளிம்பு காய்ந்து, அகலாமல் நின்றிருந்தால் மருந்து பிடித்துவிட்டது. இரண்டாவது தெளிப்புக்கு அவசரம் வேண்டாம். நூல் கட்டாமல் கண் மதிப்பில் சொல்பவர்கள், வேலை செய்த மருந்தையும் "கேட்கவில்லை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

நூலுக்கு மேலேயும் புதிய புள்ளி வருகிறது

இதுதான் உண்மையான தோல்வி. இங்கேதான் பாக்கெட்டில் எழுதிய இரண்டு பெயர்களும் பயன்படும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பூஞ்சை நோய் என்று நாம் சொல்வதில் இரண்டு இனம் உண்டு. தக்காளி, உருளையின் பின்பருவ இலைக்கருகல், வெள்ளரிக் குடும்பம், திராட்சையின் அடிச்சாம்பல், நாற்றங்காலில் வரும் நாற்றழுகல் ஆகியவற்றை உண்டாக்குபவை நீர்ப்பூஞ்சைகள். அவை பார்வைக்குப் பூஞ்சை, பிறப்பால் வேறு. உண்மைப் பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டீரால் என்ற பொருள் தேவை. 'கோனசோல்' என்று முடியும் மருந்துகள் அதன் உற்பத்தியைத்தான் தடுக்கின்றன. நீர்ப்பூஞ்சை அதைத் தயாரிப்பதே இல்லை. தடுப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் டெபுகோனசோல் என்ன செய்யும்? கார்பென்டாசிமும் அதனிடம் செல்லாது. நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் உருளைக்கிழங்கில் பின்பருவக் கருகல் வந்தபோது கார்பென்டாசிம் கலந்த கூட்டு மருந்தை அடித்தால், களத்தில் நிற்பது மான்கோசெப் மட்டுமே. அது இலையின் மேலே படிந்து, நோயைப் பரப்பும் நுண்ணிய விதைத்தூள் முளைப்பதைத் தடுக்கும். உள்ளே நுழைந்துவிட்ட நோயைத் தொடாது.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. மெட்டலாக்ஸிலும் சைமாக்ஸனிலும் நீர்ப்பூஞ்சைக்கென்றே உள்ள மருந்துகள். மிளகாயில் நுனிக்கருகலும் பழ அழுகலும் வந்திருக்கும்போது மெட்டலாக்ஸில் கூட்டை அடிப்பவர்கள், விலை கூடிய அந்தப் பாதிக்குக் கொடுத்த காசை மண்ணில் கொட்டியதாகவே கொள்ளலாம்.

சின்ன வெங்காயத்தில் இது இன்னும் நுட்பமானது. பெரம்பலூர், திண்டுக்கல் பக்கம் ஊதா நிற இலைக்கருகலுக்குக் கார்பென்டாசிம்–மான்கோசெப் கூட்டு சாதாரணமாக விலை போகிறது. அந்த நோயை உண்டாக்கும் ஆல்டர்னேரியா உண்மைப் பூஞ்சைதான். ஆனால் கார்பென்டாசிம் அந்த வகையை அடக்காது. தக்காளியில் வளையம் வளையமாக வரும் முன்பருவ இலைக்கருகலும் அதே இனம், அதே கதை. இங்கும் மான்கோசெப் மட்டுமே உழைக்கிறது. அதற்கு மான்கோசெப்பைத் தனியாகவே சரியான அளவில் வாங்கி, நோய் வரும் முன் அடித்தால் செலவு குறையும். நோய் தலைகாட்டத் தொடங்கிவிட்டதென்றால் கோனசோலும், 'ஸ்ட்ரோபின்' என்று முடியும் மருந்தும் சேர்ந்த கூட்டுக்குப் போக வேண்டும். அதுவும் அந்தப் பயிரின் பெயர் லேபிளில் இருந்தால் மட்டும்.

சாம்பல் நோய்க்கு மான்கோசெப் பெரிதாக எதுவும் செய்யாது. ஆகவே அதே கூட்டு மருந்தில் சாம்பல் நோய்க்கு எதிராக வேலை செய்யும் பாதி கார்பென்டாசிம். ஒரே பாக்கெட், நோய்க்கு நோய் வேறு பாதி.

ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். இலையின் அடியில் சாம்பல் படிந்தால் அடிச்சாம்பல், மேலே படிந்தால் சாம்பல் நோய் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். பீர்க்கன், வெள்ளரியில் அது சரியாக வரும்: அடிச்சாம்பலில் நரம்புகளுக்கு இடையே கோணல் கோணலாக மஞ்சள் திட்டு, அதன் அடியில் சாம்பல் ஊதா. மிளகாயில் வருவது சாம்பல் நோயாக இருந்தாலும் வெள்ளைப் பூச்சு இலையின் அடியில்தான் தெரியும். மேலே வெறும் மஞ்சள் திட்டு. அதைப் பார்த்துவிட்டு அடிச்சாம்பல் என்று மெட்டலாக்ஸில் வாங்கினால் இலை முழுவதும் கொட்டிய பிறகுதான் தவறு புரியும்.

எதை அடித்தாலும் அசையவில்லை

இரண்டு வேறு கூட்டு மருந்துகளுக்கும் அசையாத "பூஞ்சை நோய்" பெரும்பாலும் பூஞ்சை நோயே கிடையாது.

நெல்லில் இலை ஓரத்திலிருந்து அலை அலையாக மஞ்சளித்து, வைக்கோல் நிறத்தில் நுனியிலிருந்து கீழே இறங்கினால் அது பாக்டீரியா இலைக்கருகலாக இருக்கலாம். பி.பி.டி. 5204 போன்ற, இந்த நோய்க்கு எளிதில் ஆளாகும் ரகங்களில் சம்பா மழைக்குப் பிறகு இது பரவும்போது, குலை நோய் என்று நினைத்து மருந்து அடிப்பது வழக்கமாகிவிட்டது. வீட்டிலேயே பார்த்துவிடலாம். மஞ்சளும் பச்சையும் சேரும் இடத்தில் இலையைக் கத்தரிக்கோலால் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் ஊற்றி, வெட்டுமுனை நீருக்குள் இருக்கும்படி நிறுத்துங்கள். வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள். சில நிமிடத்தில் வெட்டிய முனையிலிருந்து பால் கலந்தது போல மெல்லிய இழை கீழே இறங்கினால் பாக்டீரியா. எந்தக் கோனசோலும் எந்த ஸ்ட்ரோபினும் இதைத் தொடாது. யூரியாவை நிறுத்துங்கள், வயல் நீரை வடியுங்கள், நோயுள்ள வயலின் நீரைப் பக்கத்து வயலுக்குப் பாய விடாதீர்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகம் 20 சதப் பசுஞ்சாணக் கரைசலை இதற்குப் பரிந்துரைத்திருக்கிறது. கேலியாகத் தோன்றலாம், தவறான பூஞ்சைக்கொல்லியைவிட அது மேல்.

குலை நோய் என்றால் புள்ளி கண் வடிவில் இருபுறமும் கூர்ந்து, நடுவில் சாம்பல் நிறமாக இருக்கும். செம்புள்ளி நோயில் எள் வடிவில் பழுப்பு. நட்ட சில வாரத்திலேயே அடி இலைகளில் துருப்பிடித்தது போலப் பழுப்பு பரவி, பயிர் திட்டுத் திட்டாகக் குட்டை பிடித்திருந்தால் துத்தநாகக் குறையைச் சந்தேகியுங்கள். அதற்கு மருந்து துத்தநாக சல்பேட்: அடியுரமாக ஏக்கருக்கு 10 கிலோ, நின்ற பயிரில் 0.5 சதத்தை 1 சத யூரியாவுடன் இலைவழியாக.

மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்த படகு போல மடிந்தால் மஞ்சள் சிலந்தி. வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ் சுருட்டையும் உண்டு. இவை மூன்றுக்கும் பூஞ்சைக்கொல்லி வீண்.

செடி மொத்தமாக வாடிச் சாய்கிறது, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்பு என்றால் நோய் வேரிலும் தண்டின் குழாய்களிலும் இருக்கிறது. நாம் அடிக்கும் ஊடுருவும் மருந்துகளில் பெரும்பாலானவை செடிக்குள் மேல்நோக்கி மட்டுமே நகரும். இலையில் அடித்தது வேருக்கு இறங்காது. வேரடியில் ஊற்றுவதற்கென்று லேபிள் சொல்லும் மருந்தே தேவை.

மேலே பச்சை, அடியில் கருகல்

நெல்லில் இலையுறைக் கருகலுக்கு இது முழுக்கப் பொருந்தும். நோய் தொடங்குவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தூர்களின் உறையில். நாம் அடிப்பது பயிரின் தலையில். மருந்து மேல்நோக்கியே நகரும் என்று சொன்னேன். தலையில் விழுந்தது அடிக்கு வராது. தெளிப்பானின் முனையைப் பயிருக்குள் இறக்கி, தூரடியில் படும்படி அடிக்க வேண்டும். வயலில் தேங்கிய நீரைத் தெளிக்கும் முன் வடித்துவிடுவது இன்னும் நல்லது. உறையின் அடிப்பகுதி வெளியே தெரிந்தால்தானே மருந்து படும்.

முனை என்றதும் ஒன்று. களைக்கொல்லி அடித்த தட்டை விசிறி முனையோடே பூஞ்சைக்கொல்லியை அடிக்கிறார்கள். பூஞ்சைக்கொல்லிக்குக் கூம்பு போலச் சுழன்று மென்துளியாக விழும் முனை வேண்டும். முனையின் விலை ஒரு டேங்க் மருந்தின் விலைகூட இருக்காது. களைக்கொல்லி அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் பயன்படுத்துவதால் வரும் கருகல் தனிக்கதை. களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதைத் தவிர அதற்கு வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது கணக்கு. டெபுகோனசோல்–டிரைஃப்ளாக்ஸிஸ்ட்ரோபின் குருணை நெல்லுக்கு ஏக்கருக்கு 80 கிராம், நீர் 200 லிட்டர். 16 லிட்டர் டேங்க் என்றால் பன்னிரண்டரை டேங்க், டேங்குக்கு 6.4 கிராம். கூலிக்கு அடிக்க வருபவர் ஏக்கரை ஆறு டேங்கில் முடித்துவிடுகிறார். டேங்குக்கு 6.4 கிராம் வீதம் போட்டிருந்தால் ஏக்கருக்குப் போனது 38.4 கிராம், அதாவது பாதிகூட இல்லை. "சரியான அளவுதான் போட்டேன்" என்று அவரும் சொல்வார், நீங்களும் சொல்வீர்கள். இருவரும் சொல்வது உண்மை. மொத்த 80 கிராமையும் ஆறு டேங்கில் போட்டிருந்தால் மருந்தின் அளவு சரி, ஆனால் நீர் போதாமல் தூரடி நனைந்திருக்காது. ஏக்கர் கணக்கையும் லிட்டர் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். லேபிளில் இரண்டும் இருக்கிறது.

வெங்காயத் தாளில் மெழுகுப் பூச்சு உண்டு. ஒட்டுத் திரவம் இல்லாமல் அடித்தால் துளி முத்தாகத் திரண்டு கீழே உருண்டுவிடும். லிட்டருக்கு அரை மில்லி போதும். அடித்த உடனே ஒரு தாளை எடுத்துப் பாருங்கள்: மருந்து நீர் மெல்லிய படலமாகப் பரவியிருக்க வேண்டும், மணி மணியாக நிற்கக் கூடாது.

வயலின் ஒரு பக்கம் நோய், இன்னொரு பக்கம் கருகல்

டேங்க் தொடங்கிய வரிசையில் நோய் நிற்கவில்லை, டேங்க் முடிந்த வரிசையில் இலை விளிம்பு வெந்திருக்கிறது. இப்படி ஒழுங்காக மாறி மாறி வந்தால் தூள் டேங்கில் கலந்திருந்த விதம்தான் காரணம். மான்கோசெப் கலந்த தூள் நீரில் கரையாது, மிதந்து நிற்கும். அசைக்காவிட்டால் அடியில் உட்கார்ந்துவிடும். தூளை நேராக டேங்கில் கொட்டாதீர்கள். முதலில் சிறு வாளியில் கொஞ்சம் நீர் விட்டுக் கட்டியில்லாமல் கூழாகக் குழைத்து, துணியில் வடிகட்டி, பாதி நீர் நிரம்பிய டேங்கில் ஊற்றி, மீதி நீரை நிரப்புங்கள். நடுவில் நின்று பேசிவிட்டு வந்தால் ஒருமுறை டேங்கைக் குலுக்கிவிட்டுத் தொடருங்கள். பாக்கெட்டில் தூள் ஈரம் கோத்துக் கட்டியாகியிருந்தால் பயன்படுத்த வேண்டாம். ஈரம் பட்ட மான்கோசெப் சிதைந்துகொண்டே இருக்கும்.

இரண்டு மூன்று நாளில் இலை முழுவதும் வெந்தது போல் ஆனது

மருந்துமேல் பழி போடும் முன் டேங்கில் என்னென்ன இருந்தன என்ற பட்டியலைப் பாருங்கள். பூஞ்சைக்கொல்லி, பூச்சிக்கொல்லி, வளர்ச்சி ஊக்கி, நுண்ணூட்டம், ஒட்டுத் திரவம் என்று ஐந்தையும் ஒரே டேங்கில் போட்டு "ஒரே வேலையாக" முடிப்பது இப்போது நாகரிகம். கூட்டு மருந்து என்பதே இரண்டு மருந்து. அதோடு நான்கு சேர்ந்தால் ஆறு.

சில சேர்க்கைகள் கூடவே கூடாது. மான்கோசெப்பை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையோடும் சுண்ணாம்புக் கந்தகத்தோடும் கலக்கக் கூடாது; காரத்தில் அது கெட்டுவிடும். டெபுகோனசோலோடு கந்தகம் சேர்ந்த ஒரு கூட்டும் மிளகாய்க்குச் சந்தையில் உண்டு. அதை அடித்துவிட்டு அடுத்த வாரமே வேப்பெண்ணெய் அடித்தால் இலை வேகும், ஏனென்றால் கந்தகமும் எண்ணெயும் ஒன்றுக்கொன்று ஆகாது. இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். கந்தகம் உள்ள எதையும் சித்திரை வெயிலில் நடுப்பகலில் அடிப்பதும் இதே முடிவைத் தரும். ஸ்ட்ரோபின் உள்ள மருந்தோடு சிலிக்கோன் வகை ஒட்டுத் திரவத்தைத் தாராளமாக ஊற்றினால் மருந்து இலைக்குள் அளவுக்கு மீறி நுழைந்து கருக்கும்.

கலக்கத்தான் வேண்டுமென்றால் முதல்நாள் மாலை ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் வயல் தண்ணீரையே எடுத்து, அதே விகிதத்தில் கலந்து அரைமணி நேரம் வையுங்கள். திரிந்தாலோ, செதில் விழுந்தாலோ, எண்ணெய் மேலே பிரிந்தாலோ, பாட்டில் சூடானாலோ அந்தச் சேர்க்கையை விட்டுவிடுங்கள். கலக்கும் வரிசை: முதலில் தூளும் குருணையும், பிறகு கெட்டித் திரவம், அதன்பின் எண்ணெய்த் திரவம், கடைசியில் ஒட்டுத் திரவம்.

நோய்ப் பூஞ்சையை அடக்க டிரைக்கோடெர்மா இடும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். அதுவும் ஒரு பூஞ்சைதான். கார்பென்டாசிம் அதற்கு விலக்கு அளிக்காது. பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விடுங்கள்.

பயிர் கரும்பச்சையாக, ஆனால் குட்டையாக நிற்கிறது

இதைப் பார்த்துப் பலர் மகிழ்கிறார்கள். கோனசோல் வகை மருந்துகள் செடியை நீளச் செய்யும் ஜிப்ரலின் என்ற வளர்ச்சிப் பொருளின் உற்பத்தியையும் ஓரளவு தடுக்கும். அளவு கூடினாலோ அடிக்கடி அடித்தாலோ கணுவிடை சுருங்கும், இலை சிறுத்துக் கறுக்கும், கொடி ஓடாது. வெள்ளரி, பாகல் போன்றவற்றில் சீக்கிரம் தெரியும். இரட்டிப்பு அளவில் அடித்துவிட்டு "என்ன பச்சை பாருங்கள்" என்பவரின் பந்தலில் பிஞ்சை எண்ணிப் பார்த்தால் தெரியும்.

அடித்த அன்றே மழை

ஊடுருவும் பாதி சில மணி நேரத்தில் இலைக்குள் போயிருக்கும். மேலே படியும் மான்கோசெப் பாதி கனமழையில் கழுவப்பட்டிருக்கும். ஈரம் காயும் முன்பே மழை கொட்டியிருந்தால் இரண்டுமே போயிற்று. காலையில் பனி காய்ந்த பிறகு அடித்து, மாலையில் தூறல் வந்திருந்தால் உடனே திரும்ப அடிக்கத் தேவையில்லை. நூல் கட்டிய இலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கதிரில் மஞ்சள் உருண்டை வந்துவிட்டது, எதை அடிப்பது?

நெற்பழ நோய்க்கு உருண்டை தெரிந்த பிறகு எதை அடித்தும் பயனில்லை. கதிர் வெளிவரும் முன்பான கண்ணாடி இலைப் பருவத்திலும் பாதிக் கதிர் பூக்கும்போதும் அடித்திருக்க வேண்டும். பழம் பிடித்த கதிர்களைக் கிள்ளி எடுத்து அழித்துவிட்டு, அந்த வயல் நெல்லை விதைக்கு வைக்காமல் இருங்கள்.

போன ஆண்டு கேட்ட மருந்து இந்த ஆண்டு கேட்கவில்லை

மேலே சொன்னவை எல்லாவற்றையும் விலக்கிய பிறகே இங்கே வாருங்கள். மருந்துக்கு நோய் பழகிவிட்டது என்பது சொல்வதற்கு வசதியான காரணம். அதனாலேயே முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

ஆனால் அது உண்மையாகவும் நடக்கும். மெட்டலாக்ஸிலைத் தனியாக அடித்துக்கொண்டிருந்த ஐரோப்பிய உருளைக்கிழங்கு வயல்களில் 1980இல் அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் பின்பருவக் கருகல் அதற்கு அடங்காமல் போனது. அதன் பிறகுதான் அதை மான்கோசெப்போடு கூட்டாகவே தருவது பரவலானது. மான்கோசெப் பூஞ்சையை ஒரே நேரத்தில் பல இடங்களில் தாக்குவதால் அதற்கு நோய் எளிதில் பழகாது. ஊடுருவும் மருந்து ஒரே ஒரு இடத்தைப் பிடிக்கிறது. அந்த இடத்தில் ஒரு சிறு மாற்றம் வந்தால் தப்பிவிடும். ஸ்ட்ரோபின் வகைக்கும் இதே நிலை 1998இல் ஜெர்மனியின் கோதுமைச் சாம்பல் நோயில் வந்தது.

கூட்டு மருந்தின் நியாயமே இந்தக் காவல்தான். இரண்டில் ஒன்று உங்கள் நோயைத் தொடாது என்றால் அந்தக் காவலும் இல்லை. கார்பென்டாசிம்–மான்கோசெப்பைச் சாம்பல் நோய்க்குத் திரும்பத் திரும்ப அடிப்பவர், கார்பென்டாசிமைத் தனியாக அடிப்பவருக்குச் சமம்.

பெயர் மாறிய டப்பா வாங்கினால் மருந்து மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஹெக்சகோனசோலிலிருந்து டெபுகோனசோலுக்குப் போவதும், அசாக்ஸிஸ்ட்ரோபினிலிருந்து பைரக்ளோஸ்ட்ரோபினுக்குப் போவதும் அதே வீட்டின் அடுத்த அறைக்குப் போவதுதான். ஒரு பருவத்தில் ஒரே வகையை அடுத்தடுத்து அடிக்காமல், நடுவில் மான்கோசெப், தாமிரம், கந்தகம் போன்ற பலமுனை மருந்தில் பயிருக்கு ஏற்றதை வையுங்கள். இலை நிறைய நோய் ஏறிய பிறகு ஸ்ட்ரோபின் கூட்டை அடிப்பதையும் தவிருங்கள். ஸ்ட்ரோபின் விதைத்தூள் முளைப்பதைத் தடுப்பதில்தான் கெட்டி. கோடிக்கணக்கில் பெருகிவிட்ட பூஞ்சைமேல் அடித்தால் தப்பும் வகையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததாகவே முடியும்.

எதிலும் அடங்கவில்லை

மாதிரி எடுத்துக்கொண்டு மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். முற்றிலும் காய்ந்த இலை உதவாது. பாதி நல்லதும் பாதி நோயும் உள்ள இலைகள், வாடல் என்றால் வேரும் வேர்மண்ணும் சேர்ந்த முழுச் செடி. பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து அழுகிவிடும். செய்தித்தாளில் சுற்றிக் காகித உறையில் வையுங்கள். நோயில்லாத செடி ஒன்றையும் ஒப்பிடுவதற்கு எடுத்துப் போங்கள். நேரில் போக முடியாவிட்டால் உழவர் அழைப்பு மையத்தின் இலவச எண் 1800-180-1551, தமிழிலேயே கேட்கலாம். பேசும்போது மருந்தின் வணிகப் பெயரை மட்டும் சொல்லாமல், பாக்கெட்டிலிருந்து எழுதிவைத்த அந்த இரண்டு பெயர்களையும் சதவீதத்தையும் படித்துக் காட்டுங்கள்.